கேமராவுக்குக் கீழே ஒரு பச்சை லைட்டு

எல்லாரும் ஒரு தடவை போனை வெளிய எடுங்க. எடுங்கப்பா, நான் ஒண்ணும் புடுங்கி வச்சுக்க மாட்டேன். கேமரா ஆப்பைத் தொறந்து, உங்க சொந்த வீட்டைக் கழிச்சுட்டு, இன்னும் எத்தனை வீடு அதுல இருக்குன்னு எண்ணிப் பாருங்க. முன் வரிசையில கட்டம் போட்ட சட்டைத் தம்பி சிரிக்கிறாரு. சிரிங்க, சிரிங்க. என் போன்ல ஒரு காலத்துல எழுபது எண்பது வீடு இருந்துச்சு. அறந்தாங்கியில பாதித் தெரு என் சட்டைப் பாக்கெட்டுக்குள்ள கெடந்துச்சுன்னு வச்சுக்கங்களேன்.

புதுசா கேமரா மாட்டுற தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கன்னு சங்கத்துல கூப்பிட்டாங்க. ஒயர் இழுக்குறது, கோணம் பாத்து மாட்டுறது எல்லாம் உங்களுக்கு என்னையவிட நல்லாத் தெரியும். நான் டிவி மெக்கானிக்கா ஆரம்பிச்சவன். டிவி ரிப்பேர் படுத்ததும் டிஷ்ஷுக்குப் போனேன், டிஷ்ஷு படுத்ததும் கேமராவுக்கு வந்தேன். கடைசியில என் முட்டி படுத்துருச்சு. ஏணியில மூணாவது படிக்கு மேல ஏற முடியல, போன வருசம் கடையை மூடிட்டேன். அதனால தொழில் சொல்லித்தர நான் வரல. நான் பண்ணுன ஒரு தப்பைச் சொல்லிட்டுப் போறேன். அம்புட்டுப் பெரிய தப்பைப் பண்ணிட்டும் இன்னைக்கி நாலு பேருக்கு முன்னால நான் பேசிக்கிட்டு நிக்கிறேன்னா அதுக்கு ஒரு பொண்ணு காரணம். அவ பேரைச் சொல்ல மாட்டேன். கேட்டு முடிச்சா ஏன்னு உங்களுக்கே வெளங்கும்.

நாலஞ்சு வருசத்துக்கு முந்தி. அறந்தாங்கிக்குப் பக்கத்துல புதுசா கட்டுன வீடு. வீட்டுக்காரர் குவைத்துல கிரேன் ஓட்டுறாரு. வீட்டுல அவரு அம்மா, சம்சாரம், எல்.கே.ஜி. போற ஒரு பொம்பளப்புள்ள, அவ்வளவுதான். அந்தம்மா ஒருநாள் ஹால்ல வழுக்கி விழுந்துட்டாங்க. சேதி கேட்டு அவங்க பையன் குவைத்துல இருந்து பதறிட்டாரு. "அண்ணே, ஹால்ல ஒரு கேமரா மாட்டுங்க. அம்மா என்ன பண்றாங்கன்னு நான் அப்பப்பப் பாத்துக்கிறேன்"ன்னு போன் பண்ணுனாரு.

நம்ம ஆளுக ஒரு வீட்டுக்குப் போனா எப்படி வேலை செய்வோம்னு உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுல இருக்கிற வீட்டுக்காரர் வாட்ஸாப்புல நின்னுக்கிட்டு 'இன்னும் கொஞ்சம் வலது பக்கம்'பாரு. மேற்பார்வைக்கு ஒரு மச்சானோ சித்தப்பாவோ வந்து நிப்பாரு. அவங்ககிட்ட எல்லாம் கேப்போம். நாள் பூரா அந்தக் கேமராவுக்கு முன்னால நடமாடப் போற பொண்ணு டீ கொண்டாந்து குடுக்கும். "சீனி கொறச்சுப் போடுங்க தங்கச்சி"ம்போம். அந்த வீட்டுல அவகிட்ட நம்ம பேசுற பேச்சு அம்புட்டுத்தான். நானும் அப்படித்தான் பேசிட்டு வந்தேன்.

அப்புறம் ஆப் போடணும். யாரு நம்பர்ல போடுறது? வீட்டுக்காரர் நம்பர் குவைத்து நம்பர், ஓடிபி வரச் சுணங்கும். அந்தம்மாவுக்குப் பட்டன் போன். மருமகளைக் கேக்கணும்னு தோணவே இல்ல. பேசாம என் நம்பர்லயே போட்டுட்டு, வீட்டுக்காரருக்கு ஒரு பகிர்வு அனுப்பி விட்டுட்டேன். பாஸ்வேர்டு எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான், என் கடைப் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். சர்வீஸ்னு கூப்பிட்டா நேர்ல ஓடாம இங்கன இருந்தே பாத்துக்கலாம்ல, அந்தச் சௌரியம். ஆக, அந்த வீட்டுக் கேமராவுக்கு அட்மின் நான். காசு போட்டு வீடு கட்டுன மனுசன் அதுல வெறும் விருந்தாளி. நான் எப்பப் பாக்குறேன்னு அவருக்குத் தெரியாது. நானும் இதைத் திருட்டுத்தனம்னு நெனைக்கல, சேவைன்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆறு மாசம் போயிருக்கும். ஒரு செவ்வாக்கெழமை, பகல் பதினோரு மணி. கடைக்கு ஒரு பெரியவர் வந்தாரு. இலுப்பூர்ல கடலை மண்டி வச்சிருக்கவரு. அந்தக் குவைத்துப் பையனுக்குப் பெரியப்பா. "எங்க தம்பி மகன் வீட்டுல நீங்கதான் மாட்டுனீகளாம்ல. எம் மக ஆலங்குடியில வீடு கட்டுறா. எட்டுக் கேமரா வேணும். படம் தெளிவா இருக்குமா?"ன்னு கேட்டாரு.

எட்டுக் கேமரான்னதும் எனக்கு வாயெல்லாம் பல்லு. "தெளிவா? உங்க ஆளு வீட்டுலயே பாருங்கய்யா"ன்னு போனை எடுத்து அந்த வீட்டு ஹாலைத் தொறந்து அவரு முன்னால நீட்டிட்டேன். நம்ம தொழில்ல எல்லாரும் செய்யிறதுதான இது? மாதிரி காட்டுறதுக்குன்னு தனியா ஒரு கேமரா கடையில மாட்டி வைக்க நமக்கு நோவுது. ஏற்கனவே மாட்டுன வீடு இருக்கே.

அந்தப் பொண்ணு தரையில உக்காந்து ஏதோ வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சாரு. சரியா அந்நேரம் அந்தப் பொண்ணு தலையை நிமித்தி, கேமரா இருக்கிற பக்கமாப் பாத்து, ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு. "பாத்தீங்களா, மொகம் எம்புட்டுத் தெளிவு!"ன்னு நான் ரெண்டு வெரலை வச்சு விரிச்சேன். பெருசாக்கிக் காட்டுனேன்ப்பா. நானே காட்டுனேன். மொகம், கழுத்து, எல்லாம் ஸ்கிரீன் பூரா வந்துச்சு.

பெரியவர் இன்னும் கிட்டக் குனிஞ்சு பாத்தாரு. "கழுத்து வெறுங்கழுத்தா இருக்கே"ன்னாரு. நான் பாத்தேன். ஆமா, தாலிச்செயின் இல்ல. சன்னல் கம்பியில என்னவோ மஞ்சளாத் தொங்குச்சு. வெளிச்சம் அப்படின்னு என்னமோ உளறுனேன். அவரு எந்திரிச்சு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "நான் இதைப் பாத்ததா இருக்க வேணாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆர்டர் போச்சேன்னுதான் எனக்கு அன்னைக்கிக் கவலை. நெனச்சா இப்பவும் என் கன்னத்துல நானே அறையணும்போல இருக்கு.

அந்தப் பொண்ணு கையில இருந்தது சோல்டரிங் அயன், ஈயத்தை உருக்கி ஒட்டுற சூட்டுக்கோல். நாப்பது வருசம் அதைப் பிடிச்சவன் நான். கரண்டு வேலைக்கு உக்காந்தா வாட்ச்சைக் கழட்டி ஓரமா வச்சுட்டுத்தான் உக்காருவேன். தொங்குற சங்கிலி போர்டு மேல பட்டா என்ன ஆகும்னு சின்ன வயசுலயே சூடு பட்டுக் கத்துக்கிட்டவன். எனக்கே தெரியல பாருங்க. ஏன்னா நான் அவளைப் பாக்கல. படத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மூணாம் நாள் குவைத்துல இருந்து போன். அந்தப் பையன் குரலே மாறிக் கெடந்துச்சு. பெரியப்பா அவருக்குப் போனைப் போட்டு, 'செவ்வாக்கெழமை பதினோரு மணி ரெக்கார்டிங்கை எடுத்துப் பாரு, எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காத'ன்னு சொல்லியிருக்காரு. இவரும் பாத்துட்டாரு. வெறுங்கழுத்தைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரைப் போட்டு அறுத்திருக்கு.

"அண்ணே, கேமரா வாசக்கதவுக்கு மேல இருக்கு. அவ வாசலைப் பாத்துத்தான் சிரிக்கிறா. அந்நேரம் வாசல்ல யாரோ நின்னுருக்கான். எங்கம்மா தூங்கிக்கிட்டிருந்திருக்காங்க. எனக்கு வாசல் தெரியிற மாதிரி எதுத்தாப்புல ஒண்ணு மாட்டணும். சத்தமும் கேக்கணும். பல்பு மாதிரியே கேமரா வருதாம்ல, அதைப் போடுங்க. அவளுக்குத் தெரியவே கூடாது. உங்களைத்தான்ணே நம்பியிருக்கேன்"ன்னாரு. பேசிக்கிட்டு இருக்கும்போதே அழுதுட்டாரு. ஞாயித்துக்கெழமை பெரியப்பா வீட்டுக்கு வர்றாராம், அவ அப்பாவையும் ஆலங்குடியில இருந்து வரச்சொல்லியிருக்காங்களாம். புள்ளையை இங்கனயே வச்சுக்கிட்டு அவளை மட்டும் அப்பாகூட அனுப்பிரலாம்னு பேச்சு.

எனக்கு அப்பக்கூட முழுசா ஒறைக்கல. வாசல்ல யாரு நின்னாங்களோன்னுதான் யோசிச்சேன். பல்புக் கேமராவைப் பையில போட்டுக்கிட்டு, "சும்மா சர்வீஸ் பாக்க வந்தேன்"னு அந்த வீட்டுக்குப் போனேன். மனசுக்குள்ள வேற, பெரிய துப்பறியிற ஆளு மாதிரி ஒரு நெனப்பு.

உள்ள போயித் திரும்பிப் பாத்தா, என் கேமராவுக்குக் கீழ, கதவு நிலைக்கு மேல, சுவத்துல சின்னதா ஒரு டப்பா ஒட்டியிருக்கு. சோப்பு டப்பா. அதுல ஒரு குட்டி லைட்டு. கேமராப் படத்துல அது விழுகாது, அதனால அங்க இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது.

"இது என்ன தங்கச்சி?"

அந்தப் பொண்ணு மொகம் வாடிப்போயிருந்துச்சு. வீட்டுக்காரர் போன்ல சண்டை போட்டதுல இருந்து சாப்பிடலையாம், மாமியார் சொன்னாங்க. ஆனா அந்த டப்பாவைக் கேட்டதும் ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க கண்ணுல.

"நான் செஞ்சதுண்ணே. அவரு கேமராவுல பாக்க ஆரம்பிச்சா பச்சையா எரியும். நிறுத்துனா அணைஞ்சுரும்."

"எப்படிம்மா?"

"கேமரா சும்மா இருக்கப்ப மோடத்துல கொஞ்சமாத்தான் டேட்டா போகும். யாராச்சும் பாக்கத் தொறந்தா குபுகுபுன்னு போகும். அதை ஒரு சின்ன போர்டு பாத்துக்கிட்டே இருக்கும்ணே, அவ்வளவுதான். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சேன். வேலைக்குத்தான் அனுப்பல. வீட்டுல ஒக்காந்து எதையாச்சும் செஞ்சுக்கிட்டு இருப்பேன்."

வீட்டுக்காரர் மேல சந்தேகப்பட்டு வச்ச லைட்டா அதுன்னு கேட்டேன். "அய்யய்யோ, இல்லண்ணே!"ன்னுச்சு. "அவரு டூட்டிக்கு நடுவுல ரெண்டு நிமிசம் கெடச்சா எங்களைப் பாப்பாரு. போன் பேச முடியாது, கிரேன் மேல இருப்பாருல்ல. லைட்டு எரிஞ்சா அவரு வந்துட்டாருன்னு எங்களுக்குத் தெரியும். புள்ளை 'அப்பா வந்தாச்சு'ன்னு கையைக் காட்டும். நான் அவருகிட்ட இதைச் சொல்லல. லீவுல வாரப்ப காட்டலாம்னு வச்சிருந்தேன்."

அப்புறம் அது என்னைய நேராப் பாத்துக் கேட்டுச்சு. "செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு இந்த லைட்டு எரிஞ்சுச்சுண்ணே. அவருதான்னு நெனச்சுத்தான் நிமிந்து சிரிச்சேன். பாத்தீங்களான்னு போன்ல கேட்டா, அவரு பாக்கவே இல்லைங்கிறாரு. அப்ப அது யாருண்ணே?"

வாசல்ல நின்ன ஆளு யாருன்னு தேடி வந்தேன்ல, அந்த ஆளு நான்தான். பையில வேற பல்புக் கேமரா கிடக்கு. அப்பவாச்சும் உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லலையே! "நெட்டுல ஏதாச்சும் கோளாறா இருக்கும்மா, இருங்க பாத்துச் சொல்றேன்"னு மழுப்பிக்கிட்டே, கைப்பழக்கத்துல போனை எடுத்து ஆப்பைத் தொறந்துட்டேன்.

லைட்டு பச்சையா எரிஞ்சுச்சு.

அது லைட்டைப் பாத்துச்சு. என் கையில இருந்த போனைப் பாத்துச்சு. வெடுக்குனு நான் ஆப்பை மூடுனேன், லைட்டு அணைஞ்சுச்சு. இதுக்கு மேல என்னத்தை மறைக்கிறது? எல்லாத்தையும் சொல்லிட்டேன். பெரியவர் வந்தது, நான் காட்டுனது, பையில இருக்கிற பல்பு, ஒண்ணு விடல.

கத்தும், செருப்பைத் தூக்கும்னு எதிர்பாத்தேன். அது "பெருசாக்கிக் காட்டுனீங்களாண்ணே?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

"காட்டுனேம்மா."

மாமியார்க்காரம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. நான் அந்தப் பொண்ணு காலுல விழுகாத குறையா மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுண்ணே. ஞாயித்துக்கெழமை எங்கப்பா வாராரு. அவரு இதுவரைக்கும் யாரு முன்னாடியும் தலையைக் குனிஞ்சதில்ல. அவரு இருக்கப்ப, எல்லாரு முன்னாடியும் வந்து சொல்லுங்க"ன்னுச்சு. சரின்னேன். சரின்னுட்டு வண்டியை எடுத்தவன், வீடு வந்து சேர்றதுக்குள்ள போக வேணாம்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்.

ஏன்னா யோசிச்சுப் பாருங்க. நான் அங்க போயி வாயைத் தொறந்தா, அந்த ஒரு வீட்டோட நிக்குமா? கேமராக்காரன் எல்லாரு வீட்டையும் போன்ல வச்சுக்கிட்டு ஊருக்குக் காட்டுறான்னு மறுநாளே அறந்தாங்கி பூராப் பரவிரும். அதுக்கப்புறம் எந்த வீட்டுப் படியை மிதிக்கிறது? சனிக்கெழமை சாயங்காலம் இலுப்பூர்ப் பெரியவரே போன் பண்ணிட்டாரு. கேமராக்காரரும் வருவாருன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும்போல. "நாளைக்கி நீங்க அங்க வர வேணாம். எம் மக வீட்டு எட்டும் உங்களுக்குத்தான். மண்டிக்கும் பன்னெண்டு மாட்டணும். நான் பாத்தது எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான தெரியும்?"னு கேட்டாரு. அவருக்கும் பயம். தம்பி மகன் பொண்டாட்டியை எட்டிப் பாத்த மனுசன்னு பேரு வந்துருமேன்னு.

நான் பதிலே சொல்லாம வச்சுட்டேன். நல்லவன்னு நெனச்சுராதீங்க. அன்னைக்கி என் மனசு ரெண்டு பக்கமும் சாஞ்சு சாஞ்சு ஆடுச்சு. 'அந்தப் பொண்ணே எல்லாத்தையும் சொல்லிக்கிடுமே, லைட்டை எரிய வச்சுக் காட்டுமே, நான் எதுக்கு'ன்னு கூட யோசிச்சேன். ஆனா அது சொன்னா யாரு நம்புவாங்க? 'படிச்ச திமிரு, லைட்டு கட்டி ஏமாத்துறா'ம்பாங்க. நான் சொன்னாத்தான் நிக்கும். தப்புப் பண்ணவன் வாயாலதான் அது வெளிய வரணும். அதுவும் அந்த லைட்டுல நான் கையும் களவுமா மாட்டுன பொறவு, போகாம இருந்தா அந்த மொகத்தைக் கடைவீதியில எப்படிப் பாக்குறது?

ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குப் போனேன். ஹால்ல நாற்காலி போட்டுப் பெரியவர் உக்காந்திருந்தாரு, கூட ஒறவுக்காரர் ஒருத்தர். டிவி ஸ்டாண்டுல பெரியவர் போனைச் சாச்சு வச்சிருந்தாங்க, வீடியோவுல குவைத்துப் பையன். அந்தப் பொண்ணோட அப்பா ஓரமாத் தரையில உக்காந்து, துண்டை மடியில வச்சு உருட்டிக்கிட்டிருந்தாரு. நாற்காலி குடுத்தும் உக்காரலையாம். அந்த மனுசனைப் பாத்ததும் எனக்கிருந்த மிச்சத் தயக்கமும் போயிருச்சு.

பெரியவர் என்னையப் பாத்து, "இது குடும்ப விசயம். கேமராக்காரருக்கு இங்க என்ன வேலை?"ன்னாரு.

"குடும்ப விசயத்துக்குள்ள நான் ஏற்கனவே வந்துட்டேங்கய்யா. எப்படி வந்தேன்னு சொல்லிட்டுப் போயிர்றேன்"னு ஆரம்பிச்சேன்.

நின்னுக்கிட்டே சொன்னேன். என் போனை எல்லாருக்கும் நீட்டிக் காட்டுனேன். "அண்ணே, எங்க வீட்டை நீங்க பாப்பீங்களா?"ன்னு அந்தப் பையன் கேட்டாரு. "நெனச்சா எப்ப வேணாலும் பாக்கலாம் தம்பி, அட்மின் நான்தான்"னேன். ஒறவுக்காரர் எந்திரிச்சு, "அப்ப எங்க வீடு?"ன்னாரு. அவரு வீட்டுக்கும் நான்தான் மாட்டியிருந்தேன். தள்ளித் தள்ளிப் பாத்து எடுத்தேன். அவரு வீட்டுப் பின்வாசல், கொடியில துணி காயுது. என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுட்டாரு. நான் கையை எடுத்து விடல. பிடிக்கட்டும்னு நின்னேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு பேசுச்சு. "நீங்க ஆப்பைத் தொறங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுச்சு. அவரு அங்க இன்னொரு போன்ல தொறந்தாரு, இங்க லைட்டு எரிஞ்சுச்சு. மூடச் சொல்லுச்சு, அணைஞ்சுச்சு. அடுத்து என்னையத் தொறக்கச் சொல்லுச்சு. மறுபடி எரிஞ்சுச்சு.

"செவ்வாக்கெழமை சிரிச்சது..."ன்னு அந்தப் பையன் இழுத்தாரு.

"நீங்கன்னு நெனச்சேன்"னுச்சு அது. "மேல வெயில்ல இருப்பீங்க, ரெண்டு நிமிசம் எங்க மொகத்தைப் பாக்குறீங்க, சிரிச்ச மொகமா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அந்தப் பையன் தலையில இருந்த தொப்பியைக் கழட்டி மொகத்தை மூடிக்கிட்டாரு. பெரியவருக்குத்தான் விட மனசில்ல. "சரி, சிரிப்பு போகட்டும். தாலியைக் கழட்டிச் சன்னல்ல தொங்கப் போடுறது என்ன பழக்கம்?"னாரு.

நான் சோல்டரிங் அயனைப் பத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணோட அப்பா தலையைத் தூக்கி, "எனக்காகத்தாங்க செஞ்சுக்கிட்டிருந்துச்சு"ன்னாரு. "கடலைக் காட்டுல மோட்டார் ஓட்ட மும்முனைக் கரண்டு எப்ப வருதுன்னு தெரியாது. வந்திருக்கான்னு பாக்கவே நான் நடையா நடப்பேன். கரண்டு வந்தா என் போன்ல மணியடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தாரேன்னு சொல்லுச்சு. அதைத்தான் செஞ்சிருக்கு, சங்கிலி கரண்டுல பட்டுறக் கூடாதுன்னு கழட்டி வச்சிருக்கு."

அப்பத்தான் அந்த மாமியார்க்காரம்மா எந்திரிச்சாங்க. "இந்தா பாருங்க மச்சான். எம் மருமக எங்க வீட்டு நடுஹால்ல, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா. அவ கழுத்து இலுப்பூர்ல இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கேக்குறதுன்னா பாத்தவுகளக் கேளுங்க. உக்காந்திருந்தவள என்னத்துக்குக் கேக்குறீக?"ன்னாங்க. அந்தக் கேள்வியில நானும் அடக்கம்ல.

பெரியவர் செருப்பைத் தேடி மாட்டுனாரு. போறப்ப அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நின்னு, "தப்பா எடுத்துக்காதீக"ன்னு மொணங்கிட்டுத்தான் போனாரு. அதையும் சொல்லிரணும்.

பொறவு என் கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. நான் பயந்த மாதிரியேதான் ஆச்சு. ஊரு பூராப் பரவுச்சு. அதுக்கு முன்னாடி நாமளே முந்திக்கிடுவோம்னு, மறுநாளே கெளம்பி வீடு வீடாப் போனேன். "உங்க கேமரா என் நம்பர்ல இருக்கு, மாத்திர்றேன்"னு சொன்னேன். ஒரு வீட்டுல கேட்டையே தொறக்கல. ஒரு அம்மா கட்டையைத் தூக்கிட்டு வந்துச்சு. வாங்கிக்கிட்டேன், என்ன பண்றது? பாதி ஆளுக வேற கடைக்குப் போயிட்டாங்க. ஒரு வருசம் ரொம்பச் சிரமம். ஆனா மத்த பாதி வீடுகள்ல, முதல் தடவையா, அங்க குடியிருக்கிற பொம்பளைங்ககிட்ட உக்காந்து பேசுனேன். இது எங்கெல்லாம் தெரியும், என்னென்ன கேக்கும், யாரு யாரு பாக்கலாம், எதை எங்க மாத்தலாம்னு காட்டுனேன். 'சத்தமும் கேக்குமா'ன்னு அதிந்துபோன மொகங்களை இன்னைக்கும் மறக்கல. பொறவு என் தொழில் நிமிந்தது அந்தப் பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான். சோப்பு டப்பா லைட்டு வேணும்னு கேட்டவங்களுக்கு அந்தப் பொண்ணுகிட்டயே செஞ்சு வாங்கிக் குடுத்தேன். இப்ப ஆலங்குடிப் பக்கம் பல தோப்புல கரண்டு வந்தா மணியடிக்கிற மோட்டார் டப்பா அது செஞ்சதுதான். நான் நாப்பது வருசம் அயன் பிடிச்சு அடுத்தவன் செஞ்சதை ரிப்பேர்தான் பாத்தேன். அது வீட்டுல உக்காந்து இல்லாத ஒண்ணைச் செஞ்சுச்சு.

அந்தப் பொண்ணு நெனச்சிருந்தா என்னைய அன்னைக்கே ஊரைவிட்டு ஓட வச்சிருக்கலாம். செய்யல. 'எல்லாரு முன்னாடியும் வந்து சொல்லுங்க'ன்னு ஒரு வழி குடுத்துச்சு. அந்த வழியில போனதாலதான் நான் மனுசனாத் திரும்பி வந்தேன். சாமி கும்பிடுறப்ப என் பிள்ளைகளுக்கு அடுத்து அது பேரைத்தான் சொல்லுவேன். நீங்களும் யாரு வீட்டுக்குள்ள போனாலும், டீ கொண்டாந்து குடுக்கிறவங்ககிட்ட முதல்ல கேளுங்கப்பா. அவங்க நம்பர்ல போடுங்க. மாதிரி காட்டணும்னா உங்க சொந்த மூஞ்சியைக் காட்டுங்க.

அட, அந்த ஞாயித்துக்கெழமை எப்படி முடிஞ்சுச்சுன்னு சொல்லாமயே விட்டுட்டேனே. பெரியவர் கெளம்புறப்ப அவரு போனையும் எடுத்துக்கிட்டாருல்ல, அதனால பையனை ஒறவுக்காரர் போன்ல மறுபடி கூப்பிட்டோம். அவருக்குத் தெரியிற மாதிரியே என் நம்பரை எடுத்துட்டு, "இனிமே இதுக்கு அட்மின் நீதாம்மா, பாஸ்வேர்டை நீயே போட்டுக்க, எனக்குச் சொல்லாத"ன்னு அந்தப் பொண்ணு கையில குடுத்தேன். அது தன் போன்லயே போட்டுட்டு, போனை அடுப்படியில சார்ஜுல வச்சுட்டு வந்துச்சு. கேமராவை நிமிந்து பாத்துச்சு. அப்புறம், "அண்ணே, இதை ஹால்ல இருந்து கழட்டி வெளிய கேட்டுல மாட்டிருங்க"ன்னுச்சு.

"அப்ப அம்மாவை?"ன்னாரு பையன் போன்ல இருந்து.

"என்னைய அவ பாத்துக்கிடுவாடா"ன்னாங்க அந்தம்மா.

நான் ஏணியைப் போட்டு ஏறிட்டேன். அப்புறம் அந்தப் பையன் மெதுவா, "ஒன்னைய எப்படிப் பாக்குறது?"ன்னு கேட்டாரு.

"போன் போடுங்க. நான் எடுக்குறேன்."

லைன் கட்டாயிருச்சு. கோவிச்சுக்கிட்டாரோன்னு அந்தம்மா மருமகளைப் பாத்தாங்க. அரை நிமிசம்கூட இருக்காது, அடுப்படியில இருந்து அந்தப் பொண்ணோட சொந்தப் போன் அடிச்சுச்சு. முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டே ஓடிப்போய் எடுத்துச்சு. கொல்லைப்பக்கம் போயி, போற போக்குல கதவைச் சாத்திக்கிட்டுச்சு.

என்ன பேசுனாங்கன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. நான் ஏணி மேல நின்னு திருகாணியைக் கழட்டிக்கிட்டிருந்தேன்.